திருகோணமலைக்குப் போகிறவர்கள் கொண்டுபோக வேண்டிய ஒரு கடதாசி

ஆடி விடுமுறைக்கு ஊர் போய்வருகிறவர்கள் பல்லுக் கட்டினது, கண்ணாடி மாற்றினது, அம்மாவைத் தனியார் வைத்தியரிடம் நேரம் எடுத்து (சனல் பண்ணி) காட்டினது என்று எழுதுகிறார்கள். இது அவற்றைவிட அரிதான ஒரு விடயம்: பிள்ளைகளுக்கு வரும் குடல் புற்றுநோய். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் பிள்ளைகளின் புற்றுநோய்ப் பகுதியில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். திருகோணமலையில் இப்படி ஒரு பிள்ளைக்கு எது எங்கே கிடைக்கும், எந்த இடத்தில் நாள் வீணாகும், வெளியிலிருந்து போகும் சொந்தக்காரர் உண்மையில் எதற்கு உதவுவார் என்பதுதான் பேச்சு. தலைப்பில் உள்ள கடதாசி குடும்பத்தின் நோய் வரலாறு; அது கடைசியில் வரும்.

இருபது வயதுக்குட்பட்ட பத்து இலட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கு என்ற அளவில் வரும் நோய் இது. திருகோணமலை மாவட்டத்தின் முழுச் சனத்தொகையே ஏறக்குறைய நாலு இலட்சம். அப்படியானால் மாவட்டத்தில் ஒரு பிள்ளைகூட இல்லாமல் பல வருடம் போகலாம். மூதூரிலோ கிண்ணியாவிலோ ஓபிடியில் இருக்கும் வைத்தியர் தன் சேவைக்காலம் முழுக்க ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம். ஆகவே தாமதத்துக்கு ஆளைப் பழி சொல்லிப் பயனில்லை. ஆனால் தாமதம் நடக்கிறது. உலகம் முழுக்கவே பிள்ளைகளில் இந்த நோய் பெரும்பாலும் மூன்றாம், நாலாம் கட்டத்தில்தான் பிடிபடுகிறது. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மற்றது, கட்டியின் சாதியே வேறு: சளிபோன்ற பொருளைச் சுரக்கும் வகையும், முத்திரை மோதிர வடிவக் கலங்களைக் கொண்ட வகையும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளில் பல மடங்கு அதிகம். இவை வேகமாகப் பரவுபவை.

அறிகுறிகள் எல்லாம் ஊரில் தினமும் கேட்கிறவைதான். வயிற்றுக்குத்து, சத்தி, ஒருநாள் மலச்சிக்கல் ஒருநாள் வயிற்றோட்டம், மலத்தில் இரத்தம், மெலிவு, வெளிறல். ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே ஒரு பெயர் தயாராக இருக்கிறது. இரத்தம் என்றால் ‘உடம்புச் சூடு’, இளநீரும் வெந்தயமும். வெளிறல் என்றால் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் இரும்புச்சத்துக் குளிசையும். வயிற்றுக்குத்து என்றால் பெண்பிள்ளைக்கு மாதவிடாய், ஆண்பிள்ளைக்குச் சோதனைப் பயம். இவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பிழைப்பது, ஒரு மாதம் கழித்தும் அதே பெயரை வைத்துக்கொண்டிருப்பதில்தான்.

எங்கே நின்று யோசிக்கவேண்டும்? பிள்ளைகளுக்கு மூலம் வருவது அரிது. பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘மூலம்’ என்று சொல்லி ஓயின்மென்ட் கொடுத்து அனுப்பினால் அது முடிந்த கதை இல்லை. வலியில்லாமல் இரத்தம் போகும் நாலு வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் இருப்பது தனி ஒரு பொலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை), அதை எடுத்தால் சரி. மாதவிடாய் தொடங்காத பெண்பிள்ளைக்கோ, பதின்ம வயது ஆண்பிள்ளைக்கோ இரும்புக் குறைபாடு வந்து, குளிசை கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் இரத்தம் எங்காவது கசிகிறதா என்று பார்க்கவேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் குடல் குடலுக்குள் சொருகினால், சொருகலுக்கு முன்னால் ஒரு கட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இன்னொன்று வெட்கத்தால் விடுபடுவது: பின்பக்கத்தில் விரல் விட்டுப் பார்க்கும் சோதனை. பதின்ம வயதுப் பிள்ளை மறுக்கும், தாயும் மறுப்பார், வைத்தியரும் வற்புறுத்தமாட்டார். மலக்குடலில் இருக்கும் கட்டி அப்படியே ஆறு மாதம் தப்பிவிடும். பெண்பிள்ளைக்குப் பெண் வைத்தியர் வேண்டும் என்று கேட்கலாம். கேட்டு வாங்கிச் செய்யவேண்டிய சோதனை அது.

பிள்ளைகளின் குடலில் கட்டி என்றால் அது எல்லாம் ஒரே நோய் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லவேண்டும், ஏனெனில் வைத்தியம் முற்றிலும் வேறாகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் வரும் கட்டி பிள்ளைகளில் பெரும்பாலும் பேர்கிட் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். அது ஒன்றிரண்டு நாளில் இரட்டிப்பாகக்கூடிய வேகம் கொண்டது, அதேநேரம் கீமோவுக்கு நன்றாகக் கரைவது. பெரிய வெட்டு தேவையில்லை, பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிறார்கள். சதைத்துண்டு எடுப்பதற்கு முன் ஸ்டீரொயிட் கொடுத்துவிட்டால் கட்டி சுருங்கிப் பெயர் தெரியாமல் போய்விடும். அப்பென்டிக்ஸின் நுனியில் இருக்கும் சிறு நரம்புச்சுரப்பிக் கட்டி இன்னொன்று. இரண்டு சென்ரிமீற்றருக்குள் என்றால் பொதுவாக அப்பென்டிக்ஸ் எடுத்ததோடு வைத்தியம் முடிந்தது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது, பத்தொலஜி (வெட்டிய சதையை நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வு) அறிக்கையில்தான் தெரியும். உங்கள் மருமகனுக்கு அப்பென்டிக்ஸ் வெட்டியிருந்தால் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: ‘வெட்டினது பத்தொலஜிக்குப் போனதா, ரிப்போட் எங்கே?’ வெட்டி மூன்று கிழமையில் தையல் ஆறிவிடும், பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும், ரிப்போட்டை யாரும் எடுக்கப் போகமாட்டார்கள்.

இனி உண்மையான பெருங்குடல் புற்றுநோய்க்கு வருவோம். நோய் இதுதான் என்று பெயர் வைப்பது, பின்பக்கத்தால் குழாய்க் கமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையும் (கொலனொஸ்கொபி) அதில் எடுக்கும் சதைத்துண்டும். கமரா பெருங்குடலின் தொடக்கம்வரை போகவேண்டும். முதல் கட்டியைக் கண்டதும் நிறுத்திவிட்டால் மேலே இருக்கும் பொலிப்புகள் தெரியாது. சதைத்துண்டு ஆறுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது. பிறகு வருகிறது ஊரில் அடிக்கடி பிழைக்கும் இடம்: போத்தல். துண்டை வெளி ஆய்வுகூடத்துக்குக் குடும்பமே கொண்டுபோகும் சந்தர்ப்பங்கள் உண்டு. போத்தலில் இருக்கவேண்டியது 10 வீத ஃபோமலின், துண்டின் பருமனைப்போல் பத்து மடங்கு. சேலைனில் போட்டுக் கொண்டுபோனால் கலங்கள் அழுகிவிடும். வெட்டியெடுத்த முழுக்குடலை ஒடுங்கிய வாய்ப் போத்தலுக்குள் அமத்தி அடைத்தால் நடுப்பகுதிக்கு ஃபோமலின் போகாது, பிறகு அதை வெளியே எடுக்கவும் முடியாது. வாய் அகன்ற பாத்திரம், மூடியில் அல்லாமல் பாத்திரத்தின் உடலில் பெயர், வயது, எடுத்த இடம், திகதி. மூடிகள் மாறிப்போகும்.

ரிப்போட் வந்தபின் கேட்கவேண்டியது மெழுகுக் கட்டை. சதைத்துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். சாதாரண அறைவெப்பத்தில் வருடக்கணக்காக இருக்கும், தபாலிலும் போகும். இரண்டாவது அபிப்பிராயமோ மேலதிக நிறச் சோதனையோ எல்லாமே அந்தக் கட்டையிலிருந்துதான். கட்டையில் செய்யவேண்டிய சோதனை நாலு புரதங்களைப் பார்ப்பது: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. மரபணு எழுத்துப் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை. கட்டியில் இவற்றில் ஒன்று இல்லை என்றால் வைத்தியத்தின் பாதையே மாறும். கட்டியைச் சுற்றியிருக்கும் நல்ல கலங்களிலும் இல்லை என்றால் அது வேறு ஒரு செய்தி. அதைப் பிறகு சொல்கிறோம்.

பிள்ளையை எங்கே அனுப்புவது? பிள்ளைகளின் புற்றுநோய் வைத்தியத்துக்கு நாட்டின் பிரதான இடம் கொழும்புக்கு அருகே உள்ள மகரகம அபேக்ஷா வைத்தியசாலை. வடக்கில் தெல்லிப்பழையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, கிழக்கில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். செலவு பயணத்திலும், கூட நிற்கும் ஆளின் சாப்பாட்டிலும், இழந்த கூலியிலும்தான். கொழும்புக்கு ஏ6 வீதியால் ஹபரண, தம்புள்ள வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இரவு ரயிலில் கோட்டைக்குப் போய் அங்கிருந்து 138 பஸ்ஸில் மகரகம. 1990 அம்புலன்ஸ் இலவசம், ஆனால் அது வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ அவசரத்துக்கு. கிளினிக் போக அதை நம்பி இருக்கக்கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது வாட்டு ஏற்பாடு.

கையில் இருக்கவேண்டியவை: டயக்னோசிஸ் காட் (வாட்டை விட்டு வரும்போது நோயின் பெயர் எழுதித் தரும் அட்டை), மாற்றக் கடிதம், ஸ்கேன் படங்களின் இறுவட்டு, பத்தொலஜி ரிப்போட், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடம் வையுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை. மொழி பெரிய சுவர். சிங்களம் தெரியாத தாய் தலையாட்டிவிட்டு வருவார். என்ன சொன்னார்கள் என்று வீட்டில் கேட்டால் ‘திரும்ப வரட்டாம்’ என்பார். வெளிநாட்டிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான உதவி, கிளினிக் நாளில் சிங்களம் தெரிந்த ஒரு ஆளைக் கூட அனுப்புவது.

வயது பற்றிய சிக்கல் ஒன்றும் உண்டு. இந்த நோய் அதிகம் வருவது பதினைந்து வயதை ஒட்டி. குடல் புற்றுநோயைத் தினமும் பார்ப்பவர் பெரியவர்களின் நிபுணர். வளரும் உடம்பைத் தெரிந்தவர் பிள்ளைகளின் நிபுணர். ஒருவரிடம் மட்டும் விட்டால் ஏதோ ஒன்று குறையும். இருவரும் சேர்ந்து ஒரே திட்டத்தை எழுதவேண்டும் என்று குடும்பம் மரியாதையாகக் கேட்கலாம். ஐரோப்பாவில்கூட ஒரு நாட்டுக்குப் போதிய பிள்ளைகள் இல்லாததால் இத்தாலி, பிரான்ஸ், பிரித்தானியா, போலந்து, ஜேர்மனி நிபுணர்கள் 2008இல் எக்ஸ்பேர்ட் என்ற குழுவைத் தொடங்கி அரிய கட்டிகளுக்கு ஒன்றுகூடி யோசிக்கிறார்கள். ஊர் வைத்தியர் வேறொருவரிடம் கேட்டால் அது அவருக்குக் குறைவில்லை.

சத்திரசிகிச்சைதான் முதுகெலும்பு. கட்டியோடு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் நல்ல குடலும், அதற்குரிய நிணநீர் முடிச்சுகளும் வரவேண்டும். பத்தொலஜியில் குறைந்தது 12 முடிச்சுகள் எண்ணப்பட்டிருக்கவேண்டும். ‘4 முடிச்சு, எல்லாம் சுத்தம்’ என்ற ரிப்போட்டை நம்பிக் கீமோவை விடமுடியாது. குடல் அடைத்து அவசரத்தில் வெட்டும் பிள்ளைகளில்தான் முடிச்சுகளின் எண்ணிக்கை குறைகிறது. மலக்குடல் கட்டிக்கு முதலில் கதிர்வீச்சு வரலாம்; அப்போது பிள்ளைப்பேறு பற்றித் தொடங்குமுன்னே பேசவேண்டும், பிறகு பேசிப் பயனில்லை.

கீமோவில் வழக்கமானது ஃபொல்ஃபொக்ஸ் என்ற மூன்று மருந்துக் கூட்டு. உடற்பரப்பின் ஒரு சதுரமீற்றருக்கு ஒக்சாலிபிளாட்டின் 85 மில்லிகிராம், லியூகோவொரின், 5-எஃப்யூ முதலில் 400 ஒரேயடியாக, பிறகு 2,400 மில்லிகிராம் 46 மணித்தியாலம் ஓடும். பதினான்கு நாளுக்கு ஒருதரம், சத்திரசிகிச்சைக்குப் பின் என்றால் வழமையாக 12 தடவை. உடற்பரப்பை யாரும் கணக்குப் பார்க்கலாம்: உயரம் சென்ரிமீற்றரில், நிறை கிலோவில், இரண்டையும் பெருக்கி 3,600ஆல் பிரித்து வர்க்கமூலம். 150 சென்ரிமீற்றர், 40 கிலோ பிள்ளைக்கு 1.29, ஒக்சாலிபிளாட்டின் சுமார் 110 மில்லிகிராம். அதே பிள்ளை 35 கிலோவுக்கு இறங்கினால் 1.21, மருந்து 103. பிள்ளை பத்து வீதத்துக்கு மேல் மெலிந்தால் திரும்பக் கணக்குப் போடவேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவையும் நிறுத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒக்சாலிபிளாட்டினை டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பது. சேலைன் பட்டால் மருந்து சிதைந்துவிடும்.

அந்த மருந்துக்கும் குளிருக்கும் பகை. ஏற்றிய பின் ஐந்து நாள்வரை குளிர் பட்டால் விரல் விறைக்கும், தாடை இறுகும், தொண்டை அடைப்பதுபோல் இருந்து மூச்சு வராத பயம் வரும். திருமலை வெயிலில் இது கடும் சோதனை. பிரிட்ஜ் தண்ணீர், பள்ளிக்கூட வாசல் ஐஸ்பழம், தயிர் எல்லாம் அந்த நாட்களில் வேண்டாம். யாரும் எதிர்பாராதது ஏசி பஸ். மருந்து ஏற்றி முடித்த அன்றிரவே ஏசி பஸ்ஸில் ஏறினால், ஹபரண தாண்டுமுன் பிள்ளை விரல் எரிகிறது என்று அழும். சாதாரண பஸ், அல்லது ரயில்; ஏசிதான் கிடைத்தால் காலுறையும் கையுறையும் கழுத்துத் துண்டும். சூடான தண்ணீர்ப் போத்தல் ஒன்று கூடவே.

46 மணித்தியாலம் பம்பில் ஓடவேண்டும் என்பதால் பிள்ளை வாட்டில் இரண்டு இரவு. அதைத் தவிர்க்கச் சிலருக்குக் கெபெசிட்டபின் குளிசை கொடுக்கிறார்கள்: 14 நாள் குடித்து 7 நாள் ஓய்வு. சாப்பிட்டு அரை மணிக்குள் தண்ணீரோடு விழுங்கவேண்டும், பொடியாக்கக் கூடாது. இங்கேதான் வெளிநாட்டுப் பெட்டி ஆபத்தாகிறது. நீங்கள் அன்போடு கொண்டுபோகும் மல்ட்டிவிட்டமினில் ஃபோலிக் அசிட் இருக்கும். அது கெபெசிட்டபின், 5-எஃப்யூ இரண்டின் நச்சையும் கூட்டும். வாய் புண்ணாகி, வயிற்றோட்டம் வந்து, பிள்ளை சேலைனில் கிடக்கும். காரணம் யாருக்கும் தெரியாது. புற்றுநோய் மருந்தையும் பெட்டியில் கொண்டுபோகாதீர்கள். அளவு, காலாவதி, சூடு எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

ஒவ்வொரு தடவைக்கும் முன் பொதுவாக நியூட்ரோபில் (கிருமியோடு போராடும் வெள்ளைக்கலம்) 1,500, பிளேட்லெட் 75,000 வேண்டும். இரத்தத்தைத் திருகோணமலையிலேயே இரண்டு நாள் முன் பார்த்து வாட்டுக்குப் போனில் சொல்லிவிட்டுப் புறப்படலாமா என்று கேளுங்கள். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ இரவெல்லாம் பயணம் போய், ‘கவுண்ட் காணாது, அடுத்த கிழமை வாங்கோ’ என்று கேட்டுத் திரும்பும் குடும்பங்களின் களைப்புத்தான் பல பிள்ளைகளின் வைத்தியத்தை இடையில் நிறுத்துகிறது.

வீட்டில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி இருக்கவேண்டும். 38 பாகை நின்றாலோ, ஒருதரம் 38.3 வந்தாலோ நேரே ஆஸ்பத்திரி, ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஊசி. பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. பின்பக்கத்தால் மருந்து வைக்கவே கூடாது. திருமலையில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. டெங்கு வரும் ஊர் இது. 2017இல் கிண்ணியா பட்ட பாடு மறக்கமுடியாது. காய்ச்சலோடு வெள்ளைக்கலமும் பிளேட்லெட்டும் இறங்கிய பிள்ளையைக் கண்டால் எந்த வைத்தியருக்கும் முதலில் டெங்குதான் தோன்றும். தண்ணீர் அளந்து கொடுத்துக் காத்திருப்பார்கள். கீமோ பிள்ளைக்கு அந்தக் காத்திருப்பு உயிர் ஆபத்து. ஆகவே கிளினிக் கொப்பியின் மட்டையிலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: கீமோ பெறும் பிள்ளை, கடைசியாக ஏற்றிய திகதி, காய்ச்சல் என்றால் உடன் அன்டிபயோட்டிக், அழைக்கவேண்டிய வாட்டு இலக்கம். வாசலில் யார் நின்றாலும் அந்த மட்டை பேசும்.

அம்மாள் வருத்தம் (சின்னம்மை) இன்னொன்று. வீட்டில் தம்பிக்குப் போட்டால் வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகாமல், வெளியே சொல்லாமல் இருப்பது வழக்கம். கீமோ பிள்ளைக்கு அது நுரையீரலில் இறங்கலாம். கொப்புளம் வரும்வரை பார்க்காமல், பக்கத்தில் இருந்தது தெரிந்த அன்றே வாட்டுக்குச் சொல்லவேண்டும். முதல் நாலு நாளுக்குள் தடுப்பது இலகு. வேப்பிலை கட்டுவதை யாரும் தடுக்கவில்லை.

வாய்ப்புண்ணுக்கு ஒரு கோப்பை கொதித்தாறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா, நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளிக்கலாம். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (உப்புச்சீனிக் கரைசல் தூள்), பக்கெட்டில் எழுதிய அளவுத் தண்ணீரில், 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும். குடலின் வாயை வயிற்றில் திறந்து மலத்துக்குப் பை வைத்த பிள்ளைக்குப் பெட்டியில் கொண்டுபோகத் தகுந்த சாமான் உண்மையில் அதுதான்: பையும் ஒட்டுத் தட்டும். முதலில் இப்போது பாவிக்கும் வகையின் படமும் குடல் வாயின் அளவும் கேளுங்கள். தட்டின் ஓட்டையைக் குடல் வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் பெரிதாக வெட்டுவது. பெரிதாக வெட்டினால் தோல் வெந்துவிடும். எண்ணெய், கிரீம் பூசிய தோலில் எதுவும் ஒட்டாது. வியர்வையில் நாலு நாள் நிற்கவேண்டியது இரண்டு நாளில் கழரும், ஆகவே இருமடங்கு கணக்கு வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வெறுமையாக்கவேண்டும்.

இனித் தலைப்பில் சொன்ன கடதாசி. பிள்ளைக்குக் குடல் புற்றுநோய் என்றால் பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். பெருங்குடல் முழுக்க நூற்றுக்கணக்கில் பொலிப் இருந்தால் பெரும்பாலும் ஏபிசி என்ற மரபணுவில் பழுது. அப்படிப்பட்ட குடும்பத்தில் பிள்ளைகளுக்கு 10 முதல் 14 வயதுக்குள் கமரா தொடங்கவேண்டும். லின்ச் என்ற நிலையில் திருத்தும் மரபணுக்களில் ஒரு பிரதி பழுது, பெரும்பாலும் வளர்ந்தபின் குடலிலும் கருப்பையிலும் வரும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் பிள்ளைப் பருவத்திலேயே மூளை, இரத்தம், குடல் மூன்றிலும் வரலாம். முன்பு சொன்ன, நல்ல கலத்திலும் புரதம் இல்லாத நிலை இதுதான். உடம்பில் பால்தேத்தண்ணி நிறத்தில் தட்டையான மறுக்கள் இருக்கும். மச்சான் மச்சாள் கலியாணம் நடக்கும் எங்கள் சமூகத்தில், தமிழர் முஸ்லிம்கள் இரு பகுதியிலும், இது கவனிக்கவேண்டிய நிலை. கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. கமரா ஆறு வயதிலிருந்து வருடாவருடம். இந்தக் கட்டிகளுக்கு பெம்ப்ரொலிஸுமாப், நிவோலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் நன்றாக வேலை செய்யலாம். அமெரிக்காவில் 2017இலேயே பிள்ளைகளுக்கும் சேர்த்து பெம்ப்ரொலிஸுமாபுக்கு அனுமதி கிடைத்தது. விலை பெரிது, ஆகவே நாலு புரதச் சோதனை முடிவு கையில் இல்லாமல் யாரிடமும் உதவி கேட்கமுடியாது. இந்த நிலைக்கான சர்வதேசக் கூட்டமைப்பு இயங்குவது டொரொண்டோ சிக் கிட்ஸ் மருத்துவமனையில். ஊர் வைத்தியர் அங்கே எழுதி ஆலோசனை கேட்கலாம்.

இந்தத் தகவலைத் தரக்கூடியவர்கள் ஊரில் குறைவு. சம்பூர்ப் பெரியப்பா ‘வயிற்றுக் கட்டியில்’ போனார், அகதி முகாமில் பாட்டி போனது எதனால் என்று தெரியாது. மிச்சச் சனம் ஸ்காபரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். சித்திக்கு அங்கே கருப்பைப் புற்றுநோய் வந்து மரபணுச் சோதனை செய்து கடிதம் கிடைத்திருக்கும். ஊரில் சொல்லவில்லை, மகளின் கலியாணம் குழம்பும் என்று. கனடாவில் 2017 முதல் மரபணுச் சோதனை முடிவைக் கேட்டுக் காப்புறுதி மறுப்பது சட்டப்படி குற்றம். கலியாணப் பயத்துக்கு எங்களிடம் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் தெரிந்த பிள்ளைக்குப் பொலிப்பாக இருக்கும்போதே எடுக்கலாம்.

ஆகவே அவருடைய சம்மதத்தோடு அந்தக் கடிதத்தைப் படம் எடுங்கள். மரபணுவின் பெயரும், மாற்றத்தின் குறியீடும் ஒரு எழுத்துப் பிசகாமல் வேண்டும். எதைத் தேடுவது என்று தெரிந்தால் ஊர்ப் பிள்ளையின் சோதனை இலகுவாகவும் மலிவாகவும் முடியும். பிறகு ஒரு தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். யாருக்கு எந்த உறுப்பில், நோய் கண்டுபிடித்தபோது என்ன வயது (இறந்த வயது வேறு), யார் யார் சொந்தத்துக்குள் கட்டினவர்கள், சிறுவயதில் இறந்த பிள்ளைகள், கமராவில் பொலிப் எடுத்தவர்கள். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள், ஊகம் வேண்டாம். இரண்டு பிரதி: ஒன்று கிளினிக் கொப்பிக்குள், மற்றது பிள்ளையின் தாயிடம்.